மணி அடிப்பது யார்?

நான்காம் பாடவேளைக்கு மணி அடித்ததும் மைதானத்துக்கு ஓடிய காலம் ஒன்று எங்களுக்கும் இருந்தது. பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்ததும் அந்தப் பாடவேளை கணிதத்துக்குப் போய்விட்டது. பொதுத்தேர்வு ஆண்டல்லவா! ஆசிரியைகளைக் குறை கூற எங்களுக்கு மனமில்லை. ஆனால் மைதானத்தில் செலவான அந்த நாற்பது நிமிடம் உண்மையிலேயே படிப்புக்கு வந்து சேர்ந்ததா என்று தோழியர் ஒருவரையொருவர் கேட்டுப் பார்த்தோம். விடை அவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை. வீடு திரும்பியதும் "பத்தே நிமிடம்" என்று சொல்லி அண்ணனின் கைபேசியை வாங்குகிறோம். அம்மா மூன்றாம் முறை சாப்பிட அழைக்கும்போதுதான் அதைக் கீழே வைக்கிறோம். மைதானத்தில் ஆடிய நாட்களில் இப்படி நேரம் கைநழுவியதில்லையே, இது ஏன் என்று ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

நாங்கள் ஆடும் கூடைப்பந்தையே எடுத்துக்கொள்வோம். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இதைக் கண்டுபிடித்தார். கடுங்குளிரில் வெளியே ஆட முடியாமல் அடங்காத ஒரு வகுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. (எங்கள் வகுப்பை அவர் பார்த்ததில்லை!) அரங்கத்துக்குள் ஆடத்தக்க புது விளையாட்டு ஒன்றை 14 நாட்களுக்குள் அமைக்கும்படி அவருடைய தலைவர் சொல்லிவிட்டார். பீச் பழக்கூடைகள் இரண்டை 10 அடி உயரத்தில் அடித்து, 13 விதிகளை எழுதினார் நெய்ஸ்மித். அவற்றுள் ஒன்று, ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக, இடையே 5 நிமிட ஓய்வுடன் நடைபெற வேண்டும் என்பது. ஆட்டம் பிறந்தபோதே அது முடியும் நேரமும் கூடவே பிறந்துவிட்டது. இன்று சர்வதேச விதிப்படி 10 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள்.

முடியும் நேரம் மட்டும் இருந்தால் போதுமா? போதாது என்பதற்கும் கூடைப்பந்திலேயே சான்று உண்டு. 1950-இல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டி ஒன்றில், ஃபோர்ட் வேய்ன் அணி 19-க்கு 18 என்று மின்னியாபோலிஸ் அணியை வென்றது. 48 நிமிட ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து 37 புள்ளிகள்தாம்! எதிரணி வலிமையானது என்பதால், கிடைத்த பந்தை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். இதற்கு 1954-இல் வழி கண்டவர் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன். விறுவிறுப்பான ஆட்டத்தில் அணிக்கு 60 வீதம் 120 முறை பந்து கூடையை நோக்கி எறியப்படுகிறது. 48 நிமிடம் என்பது 2,880 நொடி. அதை 120-ஆல் வகுத்தால் 24. எனவே பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று விதி வந்தது. ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு ஓர் ஆட்டத்தையே காப்பாற்றியது.

இதைப் படித்ததும் எங்களுக்குச் சுருக்கென்றது. ஜூன் மாதத்தில் வண்ணப் பென்சிலால் கட்டம் போட்டு, மேசைக்கு மேல் ஒட்டிய கால அட்டவணை நினைவுக்கு வந்தது. "மாலை 6 முதல் 10 வரை படிப்பு" என்று எழுதியிருந்தோம். நான்கு மணி நேரமும் புத்தகம் கையில்தான் இருந்தது, பந்தைத்தான் எறியவில்லை. இப்போது அதைக் கிழித்துவிட்டு, அரைமணிக்கு ஒன்றாகச் சிறு வேலைகளை மட்டும் எழுதி வைக்கிறோம்: ஒரு தேற்றம், ஒரு வரைபடம், ஒரு செய்யுள். பையை இரவே அடுக்குவதும் அதில் ஒன்று. காலையில் காம்பஸ் பெட்டியையும் அடையாள அட்டையையும் தேடி வீட்டையே தலைகீழாக்குவது நின்றது. ஜூனில் போட்டதைவிட இது எவ்வளவோ மேல் என்றாலும், சனிக்கிழமைகளில் நாங்கள் தோற்பதுண்டு.

இனி வீடியோ விளையாட்டுக்கு வருவோம். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற கணினி ஆய்வாளர் அமைத்தது டெட்ரிஸ். நான்கு சதுரங்கள் சேர்ந்த ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். இடைவெளியின்றி அடுக்கினால் அந்த வரிசை மறையும், வேகம் ஏறும். தோற்கும் வரை ஆடலாம். வென்று முடிப்பது என்பது அதில் இல்லை. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துச் சிறுவன் ஒருவன், 13 வயதே ஆனவன், பழைய நின்டெண்டோ கருவியில் சுமார் 40 நிமிடம் ஆடி, 157-ஆம் கட்டத்தில் திரையையே உறைய வைத்தான். ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் நேரம்தான் அதுவும். ஆனால் அங்கே மணி அடித்து ஆட்டம் முடியவில்லை. இயந்திரம் திணறி முடிந்தது.

எனினும் டெட்ரிஸில் தோல்வியாவது உண்டு. இன்று கைபேசியில் வரும் சில ஆட்டங்களில் தோற்றால் "அரைமணி கழித்து வா, புது உயிர் தருகிறேன்" என்கிறது. நேற்று வந்தவள் இன்று வராவிட்டால் சேர்த்த பரிசு போய்விடுமாம்! மைதானத்து மணி நிறுத்துவதற்கு அடிக்கிறது. இந்த மணி திரும்ப அழைப்பதற்கு அடிக்கிறது. வேறுபாடு இங்கேதான் என்பது எங்கள் கருத்து. ஆகவே பெரியவர்கள் சொல்வதுபோல் எல்லா வீடியோ விளையாட்டும் தீயவை என்று நாங்கள் ஒப்ப மாட்டோம். உலக சுகாதார நிறுவனம்கூட, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தபோது, ஆடுவதையே நோய் என்று சொல்லவில்லை. கட்டுப்பாட்டை இழந்து, பிற வேலைகள் பின்தள்ளப்பட்டு, கேடு வந்த பின்னும் விடாமல் ஆடும் நிலையைத்தான், அதுவும் பொதுவாக 12 மாதம் நீடித்தால், நோய் என்கிறது.

புனித தொன் போஸ்கோ சிறுவயதில் கயிற்றின் மேல் நடந்தும் பந்துகளைச் சுழற்றியும் ஊராருக்கு வித்தை காட்டியவர். ஆனால் செபமாலை சொல்லி முடித்த பின்னரே கயிற்றில் ஏறுவார். செபிக்க மறுத்தவர்களுக்கு வித்தை பார்க்க இடமில்லை. எதற்கு அடுத்து எது என்பதை அவரே வகுத்துக்கொண்டார். அவருக்கு மணி அடிக்க யாரும் தேவைப்படவில்லை. எங்களுக்குத் தேவைப்படுகிறது. அதனால் கைபேசியை வாங்கும்போதே சமையலறைக் கடிகாரத்தில் மணி வைத்து, அதை அம்மாவின் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். (அம்மாவின் வேலைக்கு எப்போது மணி அடிக்கும் என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.)

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வகுப்பினர் அனைவரும் கையெழுத்திட்டு, தலைமை அருட்சகோதரியிடம் கொடுத்தோம். படித்துவிட்டுச் சிரித்தார்கள். நாற்பது நிமிடம் திரும்பி வரவில்லை. புதன்கிழமை மாலையில் இருபது நிமிடம் கிடைத்தது. முதல் வாரம் அதில் எட்டு நிமிடம், அலமாரிச் சாவியைத் தேடுவதிலும் பந்துக்குக் காற்றடிப்பதிலும் போய்விட்டது. இப்போது செவ்வாய்க்கிழமை மதியமே பந்தை எடுத்து வைக்க இருவருக்கு முறை போட்டிருக்கிறோம்.