பேரழிவைத் தடுக்கும் உடன்படிக்கைகள்

அணு, உயிரியல், இரசாயன ஆயுதங்கள் ஒரே தாக்குதலில் ஆயிரக்கணக்கானோரைக் கொல்ல வல்லவை. எனவே, அவை பேரழிவு ஆயுதங்கள் எனப்படுகின்றன. அவற்றைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் மூன்று முதன்மையான உடன்படிக்கைகளைச் செய்துகொண்டுள்ளன. அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கை 1970இலும், உயிரியல் ஆயுதத் தடை உடன்படிக்கை 1975இலும், இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை 1997இலும் நடப்புக்கு வந்தன. மலேசியா இம்மூன்றிலும் உறுப்பு நாடாகும்.

நாடுகள் கையொப்பமிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடுமா? கிள்ளான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த ஒன்று இக்கேள்விக்கு விடை தருகிறது.

ஷா ஆலாமில் இருந்த தொழிற்சாலை ஒன்று, 2002, 2003ஆம் ஆண்டுகளில் துபாய்க்கு 14 வகை உலோகப் பாகங்களைச் செய்து அனுப்பியது. அவை எண்ணெய், எரிவாயுத் துறைக்கானவை என்றே தான் நம்பியதாக அந்நிறுவனம் பின்னர்க் கூறியது. உண்மையில், அவை யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிக்கு உரியவை. பாகிஸ்தான் அணு அறிவியலாளர் அப்துல் காதிர் கானின் இரகசிய வலையமைப்பே அவற்றை வாங்கியது.

2003 அக்டோபரில், லிபியா நோக்கிச் சென்ற ‘பிபிசி சைனா’ என்னும் கப்பல் இத்தாலிக்குத் திருப்பப்பட்டுச் சோதனையிடப்பட்டது. அதிலிருந்த 5 கொள்கலன்களில் அப்பாகங்கள் சிக்கின. மரப்பெட்டிகளின்மீது ஷா ஆலாம் தொழிற்சாலையின் பெயர் இருந்தது. பாகங்களின் உண்மையான பயன் அந்நிறுவனத்திற்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று இல்லை என மலேசியக் காவல்துறை விசாரணையில் கண்டறிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் லிபியா தன் அணுவாயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

நன்மைக்கும் அழிவுக்கும் பயன்படக்கூடிய இத்தகைய பொருள்கள் ‘இருபயன் பொருள்கள்’ எனப்படும். பூச்சிக்கொல்லி தயாரிக்க உதவும் சில இரசாயனங்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இவற்றின் வணிகத்தை ஒவ்வொரு நாடும் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2004 ஏப்ரலில் 1540ஆம் தீர்மானத்தின்வழி பணித்தது.

மலேசியாவும் 2010இல் வியூக வர்த்தகச் சட்டத்தை இயற்றியது. பட்டியலிடப்பட்ட பொருள்களை ஏற்றுமதி செய்வதற்கு மட்டுமன்றி, கிள்ளான் போன்ற துறைமுகங்களில் ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்கு மாற்றுவதற்கும் உரிமம் தேவை. பொருளை வாங்குபவர் யார், அதை எதற்குப் பயன்படுத்துவார் என்பதை அறிவது ஏற்றுமதியாளரின் கடமையாயிற்று.

உடன்படிக்கைகள் மாநாட்டு மண்டபங்களில் கையொப்பமாகின்றன. ஆனால், அவற்றைக் காப்பவர்களுள் பாகங்களைச் செய்யும் பொறியியலாளரும், ஆவணங்களைச் சரிபார்க்கும் எழுத்தரும், கொள்கலனைத் திறந்து பார்க்கும் சுங்க அதிகாரியும் அடங்குவர்.