ஏட்டிலிருந்து கட்டிலுக்கு

நோய்க்கு மருந்து காண்பது ஒரு முயற்சி. கண்ட மருந்தை உரிய நேரத்தில் நோயாளரின் கட்டிலருகே கொண்டு சேர்ப்பது மற்றொரு முயற்சி. பின்னதற்கும் ஆராய்ச்சி வேண்டும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் நாடு வறுமையுற்றிருந்தது. அக்காலத்தில் உட்டாக்கோ ஓக்கமோட்டோ என்னும் பெண் மருத்துவர் தம் கணவரோடு ஆராய்ச்சியில் இறங்கினார். ஆய்வுக்குரிய பொருளாக அவர்கள் குருதியைத் தேர்ந்துகொண்டனர். பொருள் வாங்கப் பணமில்லை. குருதி போதாவிடில் தம் உடலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமன்றோ!

1962-ஆம் ஆண்டில் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தை அவர்கள் வெளிப்படுத்தினர். புண்பட்ட இடத்தில் குருதி உறைந்து அடைப்பாகிறது. அவ்வடைப்பைக் கரைக்கும் பொருளும் குருதியிலேயே உண்டு. கரைப்பு முந்தினால் ஒழுக்கு நில்லாது. இம்மருந்து அக்கரைப்பைத் தடுக்கும். மகப்பேற்றின்பின் குருதி பெருகி மாளும் தாய்மாரை இதனால் காக்கலாம் என்று அம்மையார் நம்பினார். அதனைச் சோதித்துப் பார்க்குமாறு அவர் வேண்டியும் மருத்துவர் இசைந்தாரல்லர்.

விபத்துகளில் காயமுற்றோரிடம் இம்மருந்தைச் சோதித்த பேராய்வின் முடிவு 2010-இல் வெளிவந்தது. 40 நாடுகளைச் சேர்ந்த 274 மருத்துவமனைகளில் 20,211 பேர் அதில் இடம்பெற்றனர். காசு சுண்டிப் பார்ப்பது போல, தற்செயலாகவே அவர்கள் இரு பகுதியினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர்க்கு மருந்து. மற்றவர்க்கு வெறும் உப்புநீர். எவருக்கு எது சென்றது என்பதை மருத்துவரும் அறியார். மருந்து பெறாதாருள் நூற்றுக்கு 16 பேரும், பெற்றாருள் 14.5 பேரும் இறந்தனர். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயிரம் பேருக்குப் 15 உயிர் என்று கணக்கிட்டால் அதன் அருமை விளங்கும். இத்தகைய சிறு வேறுபாட்டை ஐயமறக் காண்பதற்கே இருபதினாயிரம் பேர் வேண்டியிருந்தனர். காயம்பட்ட மூன்று மணி நேரத்திற்குள் மருந்து செல்ல வேண்டும் என்பதும், அதன்பின் கொடுத்தால் தீங்கும் விளையலாம் என்பதும் அவ்வாய்விலேயே புலப்பட்டன.

மகப்பேற்றுத் தாய்மார் 20,060 பேரிடம் நிகழ்த்திய ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. மூன்று மணி நேரத்திற்குள் மருந்து பெற்றாருள் குருதி இழப்பால் நேரும் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அம்மையார் எண்ணியது மெய்யாயிற்று. ஆயின் அதற்கு முன்னாண்டே அவர் தம் 98-ஆம் அகவையில் மறைந்துவிட்டார்.

இனிக் குறை யாது? குருதி மிகுதியாகப் போகிறது என்பதை உரிய நேரத்தில் அறிவதே அரிதாயிருந்தது. துணியிலும் தரையிலும் ஊறிய குருதியின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவோர் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகின்றனர். மருந்து அலமாரியில் இருக்க, செவிலியர் அதனை எடுக்கும் வேளை தப்பிவிடுகிறது.

இக்குறையை நீக்கும் வழி கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் ஆராயப்பட்டது. ஈண்டுப் பிரிக்கப்பட்டவை மருத்துவமனைகளே, நோயாளர் அல்லர். புதுமுறை பயின்ற செவிலி ஒரு தாய்க்கு அதனைச் செய்து, அடுத்த தாய்க்கு அதனை மறந்தாற்போல் நடத்தல் இயலாதன்றோ? தாயின் அடியில் விரிக்கும் நெகிழித்தாளில் அளவுக்கோடுகள் இடப்பட்டிருந்தன. குருதி 500 மில்லி லிட்டரை எட்டியதும், கருப்பையை அழுத்தித் தேய்த்தல், கருப்பையைச் சுருக்கும் மருந்து, டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழி நீர்மம், உட்சோதனை ஆகிய அனைத்தும் ஒருசேரத் தொடங்கப்பட்டன.

முடிவு 2023-இல் வெளிவந்தது. பழைய முறையில் குருதிப்பெருக்கு நூற்றுக்கு 51 தாய்மாரிடமே கண்டறியப்பட்டது. புதுமுறையில் 93 பேரிடம் கண்டறியப்பட்டது. கடுமையான குருதியிழப்போ, அதன் பொருட்டு வயிற்றறுவையோ, அதனால் சாவோ நேர்ந்தவர் பழைய முறையில் ஆயிரத்துக்கு 43 பேர். புதுமுறையில் 16 பேர். அம்மருத்துவமனைகளுக்குப் புதிதாய்க் கண்டுபிடித்த மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை.