நார் நம்ம நிலத்திலேயே இருக்கு!

மாட்டுக்குக் கயிறு வேணும்னா இன்னைக்கு நைலான்தான். வெயிலில் இற்றுப்போன அந்த இழைகள் எங்கே போகுது? தொழுவக் குப்பையோடு எருக்குழிக்கு, அங்கிருந்து வயலுக்கு. ரசாயன உரத்தை நிறுத்திய மண்ணில் பிளாஸ்டிக்கைத் தூவலாமா? நாருக்காக நாம் தூரம் போக வேண்டியதில்லை.

பனை நார்

விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம் பக்கம் ஏரிக்கரையிலும் வரப்பிலும் பனை நிற்குது. பச்சை மட்டையாக எடுங்கள். காய்ந்த மட்டையில் நார் ஒடியும். இரு ஓரக் கருக்கையும் அரிவாளால் சீவி, மேல்தோலை நீளவாக்கில் உரித்து, உள்சோற்றைக் கத்தியால் வழித்து நிழலில் காய வைக்கணும். வேலைக்கு முன் தண்ணியில் ஊறவைத்தால் வளைந்து கொடுக்கும். முறம், கூடைக்கு விளிம்பு கட்டவும் கட்டில் பின்னவும் இதுதான்.

அடி மட்டைகளை மட்டும் எடுக்கணும். குருத்தில் கை வைத்தால் மரம் போச்சு. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆனால், மரத்தால் வீட்டுக்குப் பயன் இருந்தால்தான் அது செங்கல் சூளைக்குப் போகாமல் நிற்கும்.

சணப்பு நார்

பசுந்தாளுக்கு விதைக்கும் சணப்பைப் பூக்கும்போது மடக்கி உழுகிறோம். வரப்போரம் இரண்டு வரிசையை விட்டுவையுங்கள். காய் பிடிக்கத் தொடங்கியதும் அறுத்து, இலை உதிர்த்து, கட்டாகக் கட்டித் தொட்டித் தண்ணியில் கல் வைத்து அமிழ்த்துங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒரு தண்டை உரித்துப் பாருங்கள். பட்டை வழுக்கிக்கொண்டு வந்தால் அதுதான் பதம். அதைத் தாண்டினால் நாரும் அழுகிடும். அலசிக் காய வையுங்கள். மீன் இருக்கிற குட்டையில் ஊறப்போடாதீங்க. ஊறின தண்ணி எருக்குழிக்கு ஆகும்.

கயிறு திரிக்க

இரண்டு புரியையும் தனித்தனியே வலப்பக்கம் முறுக்கி, சேர்க்கும்போது இடப்பக்கம் சுற்றணும். எதிரெதிர் முறுக்குதான் கயிறு பிரியாமல் காக்கும். ஒரு புரி முடியும் முன்பே புது நாரைச் சேருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒட்டுப் போட்டால் அங்கேயே அறுந்துவிடும்.

வைக்கோல், பழஞ்சேலை

வைக்கோலைப் பிரியாக முறுக்கி வட்டமாகச் சுற்றி நாரால் கட்டினால் பிரிமணை. பழைய நூல்சேலையை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, மூன்று கால் சடையாகப் பின்னி, சுருட்டித் தைத்தால் கால்மிதி. பாலியஸ்டர் சேலை தண்ணியை இழுக்காது.

முதலில் ஒரு பிடிகயிறு திரித்துப் பாருங்கள். கை பழகினால் அடுத்தது கூடை. கயிறு இற்றுப்போனாலும் கவலையில்லை. எருக்குழியில் போடுங்கள், மண்ணாகிடும்.