பழைய பாய்த்தோணி வாங்குமுன்

காணியை இழந்து வந்த குடும்பங்களில் சிலர், நோர்வூட்டுக்கு அருகே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் தோணி விட்டுப் பிழைக்கலாமா என எண்ணக்கூடும். புதியது வாங்க வசதியில்லை. பழையதை வாங்கினால், நகை அடகு வைத்த பணம் தண்ணீரில் போய்விடுமோ என்ற பயம். ஆகவே இம்முறை இதைப் பற்றிப் படிப்போம்.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டுச் சரக்கேற்றி ஓடிய பாய்க்கப்பல் 'அன்னபூரணி'. அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் அதை விலைக்கு வாங்கினார். சூயஸ் கால்வாய் வழியாகச் சென்ற கப்பல், 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்ற புதுப் பெயருடன், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதைக் கொண்டு சேர்த்தவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். பழைய கலத்தை வாங்குபவருக்கு அதை அறிந்தவரின் துணை வேண்டும் என்பதே நமக்கு இதில் உள்ள பாடம்.

1. அனுமதி: பணம் கொடுக்குமுன், அந்த நீர்த்தேக்கத்தில் தோணி விட, மீன்பிடிக்க அனுமதி கிடைக்குமா என அதிகாரிகளிடம் கேளுங்கள். தோணியின் பதிவு விற்பவரின் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. உடல்: தோணியைக் கரையேற்றிப் பாருங்கள். அடிமரத்திலும் ஆணிகளைச் சுற்றியும் கத்தி முனையால் அழுத்துங்கள். முனை இலகுவாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. கடலில் ஓடியதென்றால் புழுத்துளைகளையும் தேடுங்கள். பைபர் தோணியைத் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் மந்தமான ஓசை வந்தால், உள்ளே பிரிந்திருக்கலாம்.

3. பாய்: வெயிலில் இற்றுப்போன பாய் தையலோரம் கிழியும். பாய்மரத்தின் அடியையும் கயிறுகளையும் சோதியுங்கள்.

4. கணக்கு: விலையோடு திருத்தவேலை, லொறிக் கூலி, பதிவுச் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். சாட்சியோடு கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

5. கொண்டுவருதல்: பாய்மரத்தைக் கழற்றுங்கள். பாயை உலர்த்திச் சுருட்டுங்கள். லொறியில் பழைய டயர்களைப் பல இடங்களில் அடியில் வைத்து, இறுக்கிக் கட்டுங்கள். கினிகத்தேனை, ஹட்டன் வழியில் வளைவுகள் அதிகம்; இடையிடையே நிறுத்திக் கட்டுகளைப் பாருங்கள்.

6. முதல் நாள்: காய்ந்த பலகைகள் சுருங்கி இடைவெளி விட்டிருக்கும். ஆழமற்ற நீரில் கட்டி வைத்து, பலகை ஊறி நீர்க்கசிவு நின்றபின் ஏறுங்கள். மலைக்காற்று திடீரென வீசும். உயிர்காப்பு அங்கியின்றி எவரும் ஏறக்கூடாது.

கலந்துரையாட:
• நம்மிடையே தோணி வேலை தெரிந்தவர் யார்?
• மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால், திருத்தச் செலவை எப்படிப் பங்கிடுவோம்?
• தோணி ஒரு பருவம் ஓடாவிட்டால் அடகை எப்படி மீட்போம்?