போகிறவர் ஏன் ‘வரேன்’ என்கிறார்?

லால்குடி

அன்புள்ள கயல்,

போன வாரம் பஸ் ஏறும்போது “வரேன் தங்கம்” என்றேன். நீ உடனே, “போறவங்க எதுக்கு அத்தை வரேன்னு சொல்றீங்க? அது பொய்தானே?” என்று கேட்டாய். டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார், பதில் சொல்ல நேரம் இல்லை. வழி நெடுக அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நல்ல கேள்வி. போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

பொய் இல்லை கண்ணு. ‘போயிட்டு வரேன்’ என்பதுதான் முழுச் சொல். அதில் ‘போயிட்டு’ உதிர்ந்து ‘வரேன்’ மட்டும் நிற்கிறது. போவது கண்ணுக்கே தெரிகிறது, அதை எதற்குச் சொல்ல வேண்டும்? திரும்பி வருவேன் என்பதைத்தான் வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டும். ‘அவர் போயிட்டார்’ என்று யாராவது தணிந்த குரலில் சொன்னால் நாம் என்ன புரிந்துகொள்கிறோம்? ‘போ’ என்ற சொல்லுக்குள் அந்தப் பயமும் இருக்கிறது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில் “போறேன்மா” என்று கத்திவிட்டு ஓடினால், உன் அப்பாயி தெருமுனை வரை வந்து கூப்பிடுவாள். திரும்பி வந்து, வாசற்படியில் நின்று, “போயிட்டு வரேன்” என்று சொன்னால்தான் விடுவாள். முதல் மணி அடித்திருக்கும், அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

இதற்கு நேர் எதிரான வழக்கமும் நம்மிடம் உண்டு. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘வரேன்’ என்று சொல்லக் கூடாது. சொல்லாமல்தான் எழுந்து போக வேண்டும். இன்னொரு முறை இதே காரியத்துக்கு இந்த வீட்டுக்கு வர வேண்டாம் என்ற எண்ணம். ஒரே சொல், ஒரு வாசலில் கட்டாயம் சொல்ல வேண்டியது, இன்னொரு வாசலில் சொல்லவே கூடாதது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: சொன்னது பலித்துவிடும் என்ற எண்ணம்.

உன் அம்மா பட்டணத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் உன் அப்பாயி அடுப்படியிலிருந்து, “உப்பு நிறைஞ்சிருக்கும்மா, தம்பி கடைக்குப் போனா சொல்லு” என்றாள். உன் அம்மாவும் சந்தோஷமாக, “உப்பு நிறைய இருக்காம், வாங்க வேண்டாமாம்” என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். மத்தியானம் குழம்பில் உப்பு இல்லை. ஜாடியைச் சுரண்டிப் பார்த்தாலும் ஒரு கல் இல்லை. அப்பாயியும் அவளும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றதும், பிறகு அப்பாயி தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உப்பும் அரிசியும் தீர்ந்தால் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது, ‘நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று அன்றைக்குத்தான் உன் அம்மா கற்றுக்கொண்டாள். இப்போது அவளே அப்படித்தான் சொல்கிறாள், கவனித்துப் பார்.

களத்தில் நெல் அளக்கும்போதும் இப்படித்தான். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார்கள். “லாபம்” என்பார்கள். அப்புறம் ரெண்டு, மூணு என்று போகும். சின்ன வயதில் நான் எண்ணிக்கை வரிசையே லாபம், ரெண்டு, மூணு என்று நினைத்திருந்தேன். சாமி விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘குளிர வை’, ‘அமர்த்து’ என்பதும், விளக்கு தானாக அணைந்தால் ‘மலையேறிடுச்சு’ என்பதும் இதே வகைதான்.

இதற்கு இலக்கணத்தில் பெயரே உண்டு. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலில் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறார். அவையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். கேட்கச் சங்கடமானதை நல்ல சொல்லால் மாற்றிச் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி பேசுவது குழூஉக்குறி. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பார்களாம். வேடர்கள் கள்ளுக்கு வைத்த பெயர் ‘சொல்விளம்பி’. குடித்தவன் மனதில் உள்ளதை எல்லாம் கொட்டிவிடுவான் இல்லையா! இப்படி ஒரு பெயரை யோசித்துப் பிடித்த அந்த வேடனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மங்கலத்துக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் நம் வீட்டுக் கொட்டகையிலேயே நிற்கிறது. “கறுப்பா இருக்கிற ஆட்டை எதுக்கு வெள்ளாடுங்கறீங்க?” என்று ஏழு வயதில் நீ கேட்டாயே, நினைவிருக்கிறதா? எல்லோரும் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது. நீ கேட்டது உரைகாரர்கள் எடுத்துக்கொண்ட அதே விஷயம். கறுப்பு என்ற சொல்லைத் தவிர்த்துக் காராட்டை வெள்ளாடு என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கல வழக்கு என்று எழுதியிருக்கிறார்கள். கறுப்பில் என்ன கெடுதல் இருக்கிறது என்று நீ கேட்பாய். ஒன்றும் இல்லை. கறுப்பை அமங்கலமாக நினைத்தது அந்தக் காலத்து எண்ணம். அந்தப் பழக்கத்தில் நாம் விட்டுவிட வேண்டிய பகுதி அது. ஆனால் பெயர் நின்றுவிட்டது, ஆடும் அதைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை.

இது நம்மோடு முடிவதில்லை. ரஷ்ய மொழியில் கரடிக்குப் பெயர் ‘மெத்வேத்’. தேன் தின்னி என்று பொருள். கரடியின் பழைய பெயரை வாய்விட்டுச் சொன்னால் அது காட்டிலிருந்து வந்துவிடும் என்று அஞ்சியதால் இந்தப் பெயர் வந்தது என்பது மொழியறிஞர்கள் கருத்து. உன் புவியியல் புத்தகத்தில் இருக்கும் நன்னம்பிக்கை முனையை 1488-இல் பார்த்தோலோமியோ டயஸ் சுற்றி வந்தபோது, புயலில் அலைக்கழிந்து அதற்குப் புயல் முனை என்றுதான் பெயர் வைத்தாராம். போர்த்துகல் அரசர் அதை மாற்றினார் என்று அந்நாட்டு வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். புயல் முனை என்று சொல்லிக் கூப்பிட்டால் யார் கப்பல் ஏறுவார்கள்?

அம்மை நோய்க்கும் இப்படி மாற்றுப் பெயர் உண்டு. ஆனால் அதைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வராது. எனக்குச் சின்னம்மை போட்டபோது எட்டு வயது. வாழை இலையில் படுக்க வைத்து, வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொண்டே இருந்தாள் உன் அப்பாயி. யாரும் ‘நோய்’ என்று சொல்லவில்லை. “ஆத்தா வந்திருக்கா” என்றார்கள். உடம்பெல்லாம் கொப்புளம், அதற்குப் பெயர் முத்து. “முத்து இறங்கிடுச்சு” என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதற்கு முந்தைய தலைமுறைகள் கண்டது பெரியம்மை. கடுமையான வகையில் பத்துப் பேருக்கு வந்தால் மூன்று பேர் செத்துப்போவார்கள். மருந்து கிடையாது. கையில் எதுவும் இல்லாத ஒரு தாய், பிள்ளையின் உடம்பில் இருப்பதை முத்து என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லுவாள்?

இங்கே ஒன்று கவனி. ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ என்று தொடங்கி வாட்ஸ்அப்பில் ஏதாவது வரும். ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு விஞ்ஞானத்தை ஒட்ட வைத்திருப்பார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லைதான். அதற்காக இல்லாத காரணத்தைக் கட்டி அவர்கள் தலையில் வைக்க வேண்டாம். வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வர மாட்டான், அது நல்ல ஏற்பாடு. ஆனால் பெரியம்மையை ஒழித்தது வேப்பிலை இல்லை, தடுப்பூசி. 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அது உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தது. உன் கையில் பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பு இல்லாததற்குக் காரணம் அதுதான். பழைய வழக்கங்களில் பாதிக்குக் காரணம் பயம், மீதிக்குப் பாசம். அந்தக் காரணமே போதும், அதற்கு மேல் பூச்சு வேண்டாம்.

பயத்துக்குப் பெரிய உதாரணம் நாகப்பாம்பு. அதற்கு நாம் வைத்த பெயர் நல்ல பாம்பு! ராத்திரியில் பாம்பு என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள், ‘பூச்சி’ என்பார்கள். இதில் மட்டும் நான் உன் அப்பாயியோடு சண்டை போட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒருவர் வயலில் கடிபட்டு வந்து, “ஏதோ பூச்சி கடிச்சிடுச்சு” என்று சொல்லிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கேட்டவர்களும் பூச்சி என்றே நினைத்து மஞ்சள் அரைத்துப் போட்டார்கள். கண் இமை தொங்கிப் பேச்சுக் குழறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருப்பதில்லை. 2000 முதல் 2019 வரையான 20 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மகாபலிபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அங்கே இருளர்கள் பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள், அதிலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. அடுத்த லீவில் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்கள் பாம்பைப் பாம்பு என்றே சொல்கிறார்கள்.

அதனால் கயல், வீட்டில் உப்பு நிறைஞ்சிருக்கட்டும், விளக்கு மலையேறட்டும், ஆடு வெள்ளாடாகவே இருக்கட்டும். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எதையும் பூசி மறைக்காதே. கடித்தது பாம்பு என்றால் பாம்பு என்று சொல். வலிக்கிற இடம் சொல்லக் கூசுகிற இடமாக இருந்தாலும் பெயர் சொல்லியே சொல். உன் தோழிகளிடமும் இதைச் சொல்லிவை.

அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல். வரேன்.

உன் அத்தை