எட்டாயிரம் மீட்டர் ஏற்றம்: ஓடும் முன் போட வேண்டிய கணக்கு



'எவரெஸ்டிங்' என்ற சவாலைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதற்கு நேபாளம் போக வேண்டியதில்லை. ஒரு குன்றைத் தேர்ந்தெடுத்து, ஏறிய உயரம் 8,848 மீட்டர் சேரும்வரை ஏறி இறங்க வேண்டும். ஒரே குன்று, ஒரே முயற்சி. நடுவில் சாப்பிடலாம், உட்காரலாம்; தூங்கக் கூடாது. நேர வரம்பு கிடையாது.

இதற்கு முன்னோடி ஜார்ஜ் மல்லோரி. 1924-இல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரியின் பேரன். தாத்தாவின் பெயர்தான் இவருக்கும். 1994-இல் ஆஸ்திரேலியாவின் டோனா புவாங் மலையில் சைக்கிளில் இதைச் செய்தார். அவருக்கு அது வெறும் பயிற்சி. அடுத்த ஆண்டே நிஜ எவரெஸ்டின் உச்சியைத் தொட்டார். இன்று ஓட்டக்காரர்களும் இதில் இறங்குகிறார்கள்.

முதல் கணக்கு: உயரம்

சிங்கப்பூரின் புக்கிட் தீமா சுமார் 163 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து ஏறுவதாக வைத்துக்கொண்டாலும் 55 தடவை ஏற வேண்டும். அடிவாரமே கடல்மட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே நிஜக் கணக்கு இன்னும் கூடும். 100 மீட்டர் ஏற்றம் உள்ள குன்று என்றால் 89 தடவை.

இரண்டாவது கணக்கு: சாப்பாடு

60 கிலோ எடையுள்ள ஒருவர் தம் உடம்பை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் சுமார் 5,000 கலோரி செலவாகும். தசைகள் எரிக்கும் சக்தியில் கால்பங்குதான் வேலையாகிறது. மீதி வெப்பமாகப் போய்விடும். இறங்கும் செலவு தனி. பசித்தபிறகு சாப்பிடலாம் என்று இருந்தால் கதை முடிந்தது. வாழைப்பழம், பேரீச்சம்பழம், உப்புப் போட்ட கஞ்சி என்று மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை வழியுமே தவிர, லேசில் காயாது, உடம்பும் குளிராது. அதற்காக வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் இரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து மயக்கம், வலிப்புவரை போகலாம்.

மூன்றாவது கணக்கு: இறக்கம்

ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் தொடையைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகினால் அதே தசை அடுத்த முறை குறைவாகவே அடிபடும். அடுக்குமாடிப் படிக்கட்டே இதற்குப் போதும். எடுத்த எடுப்பில் முழு உயரம் வேண்டாம். முதலில் 2,212 மீட்டர், அதாவது கால் எவரெஸ்ட். சில மாதம் கழித்து 4,424 மீட்டர், அரை எவரெஸ்ட்.

எப்போது நிறுத்துவது?

சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் வந்தால், பேச்சு குழறினால், இடி முழங்கினால் அப்போதே நிறுத்துங்கள். முதல் இரண்டும் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். தசை சிதைந்தால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம். களைத்துப்போன மூளை, 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்றுதான் சொல்லும். அதனால் முடிவெடுக்கும் உரிமையை ஓடாத ஒரு நண்பரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அவர் 'போதும்' என்றால் போதும்.

குழுவில் பேசிப் பாருங்கள்

1. உங்கள் வட்டாரத்துக் குன்று எத்தனை மீட்டர்? எத்தனை சுற்று வரும்?
2. 'நிறுத்து' என்று சொல்லும் பொறுப்பை யாரிடம் கொடுப்பீர்கள்? ஏன்?
3. அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்தால், நண்பர் கோபித்துக்கொண்டாலும் சொல்வீர்களா?