முதலில் கருவைப் பாருங்கள்

முக வளர்ச்சி ஆய்வுக்குப் புதிதாக வரும் மாணவர்கள் வந்ததுமே எந்த மரபணுவை எடுக்கலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். மரபணு ஓடிப்போகாது. இயல்பாக வளரும் கருவைச் சில மாதங்கள் சலிக்காமல் பாருங்கள் என்பேன்.

சுண்டெலிக் கருவில் அண்ணத்தின் இரண்டு தட்டுகளும் முதலில் நாக்கின் இருபுறமும் செங்குத்தாகத் தொங்கும். 14ஆம் நாள் வாக்கில் நாக்குக்கு மேலே எழும்பிக் கிடையாக நிற்கும். பிறகு ஒன்றையொன்று தொட்டு, ஏறக்குறைய ஒரே நாளில் ஒட்டிவிடும். ஒரே தாயின் வயிற்றிலேயே ஒரு கருவில் தட்டு எழுந்திருக்கும், பக்கத்துக் கருவில் தொங்கிக்கொண்டிருக்கும். இது தெரியாதவர் வளர்ச்சியில் சற்றுப் பிந்திய கருவைப் பார்த்துவிட்டு, அண்ணப் பிளவு கிடைத்துவிட்டதென்று குதிப்பார். நாள் கணக்கை மட்டும் நம்பாமல், விரல்கள் பிரிந்திருக்கும் அளவைப் பார்த்துப் பருவத்தைக் குறியுங்கள். ஒப்பிட அதே ஈற்றின் கருவையே எடுங்கள்.

எலிக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வர நாளாகும். அதுவரை கோழி முட்டையில் கை பழகலாம்; நானும் அப்படித்தான் பழகினேன். ஊசியால் இரண்டு மூன்று மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்தால் கரு ஓட்டைவிட்டுக் கீழே இறங்கும். அதற்குப் பிறகுதான் ஓட்டில் சன்னல் வெட்ட வேண்டும். ஹாம்பர்கரும் ஹாமில்டனும் 1951இல் வெளியிட்ட பருவ அட்டவணை மேசையிலேயே இருக்கட்டும்.

திசு மீளுருவாக்கத்துக்குப் போகிறவர்களுக்கும் கருவைப் பார்க்கும் இந்தப் பழக்கம் உதவும். எலியின் மண்டையோட்டில் துளையிட்டு, அது எப்படி ஆறுகிறது என்று பார்ப்பது வழக்கமான சோதனை. இடம் அகலமாக இருப்பதால் பலரும் உச்சியெலும்பில் துளையிடுவார்கள். சுண்டெலியில் உச்சியெலும்பு இடைப்படையிலிருந்து வருகிறது. நெற்றியெலும்பும் தாடையும் நியூரல் கிரெஸ்ட் செல்களிலிருந்து வருகின்றன. நெற்றியெலும்பு உச்சியெலும்பைவிட நன்றாக ஆறும். ஆகவே உச்சியெலும்பில் கிடைத்த முடிவை அப்படியே தாடைக்குப் பொருத்த முடியாது. கட்டுரை படிக்கும்போது நான் முதலில் தேடுவது துளை எந்த எலும்பில் என்பதைத்தான்.

இன்னொன்று. உதட்டுப் பிளவுக்கும் அண்ணப் பிளவுக்கும் அறுவை செய்யும் மருத்துவர் யாராவது அனுமதித்தால், அவருடைய வெளிநோயாளர் பிரிவில் அவ்வப்போது போய் உட்காருங்கள். உதட்டுப் பிளவை மூடியதோடு சிகிச்சை முடிவதில்லை. பேச்சு, காது, பல்வரிசை என்று பிளவோடு பிறந்த குழந்தை வருடக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். பல் தாங்கும் எலும்பில் உள்ள பிளவை, பெரும்பாலும் கோரைப்பல் முளைப்பதற்கு முன், குழந்தையின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பை வைத்தே இன்றும் நிரப்புகிறார்கள். எலும்பு வளர நீங்கள் செய்யும் ஸ்கேஃபோல்டு (தாங்குசட்டகம்) போட்டி போட வேண்டியது அந்த இடுப்பெலும்போடுதான்.